முனி பார்க்கும் வீடு

திருமலையின் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே, மண்பாதைக்கு அந்தப் பக்கம், முனீஸ்வரன் உட்கார்ந்திருக்கிறார். சிமெண்டில் செய்த உருவம். ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தொங்கவிட்டு, கையில் அரிவாள். கண்கள் முகத்துக்குப் பொருந்தாத அளவு பெரியவை. ஆடி பிறந்தால் அவற்றுக்கு மட்டும் புதுச் சாயம் பூசுவார்கள். மற்ற இடங்களில் சாயம் உரிந்து கிடக்கும்.

மண்ணூர்ப் பக்கத்தில் முனிக்கு நேராக யாரும் வாசல் வைக்க மாட்டார்கள். திருமலையும் வைக்கவில்லை. வீடுதான் முதலில் இருந்தது. முனியைப் பிறகு கொண்டுவந்து வைத்தார்கள். காரணம், திருமலை ஒருமுறை சொன்ன சொல்.

அப்போது அவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்க வந்தவர்களுக்கு எல்லைக் கல் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவன் போனான். ஊருக்குக் கிழக்கே, பனைமரங்களுக்கு நடுவில், மூன்று கல்லும் துருப்பிடித்த ஒரு சூலமும் இருந்தன. அளக்க வந்த அதிகாரிக்கும் அவன் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. "இது என்ன, கோயிலா?" என்று கேட்டார். முந்தின வாரம்தான் அங்கே பொங்கல் வைத்திருந்தார்கள். அடுப்புக் கரி கூட அள்ளாமல் கிடந்தது. திருமலைக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"சும்மா கல்லு சார்," என்றான்.

அவன் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாலும் நிலம் போயிருக்கும். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். ஆனால் நிலம் போனதற்குக் கைநீட்டிக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதிகாரியைக் காட்ட முடியாது, அவர் மாற்றலாகிப் போய்விட்டார். கம்பெனியைக் காட்ட முடியாது, பாதிப் பேர் அதில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். திருமலை ஊரிலேயே இருந்தான்.

மதில் எழுந்தபோது கற்களும் சூலமும் மதிலுக்குள் மாட்டிக்கொண்டன. ஊர் போய் கேட் முன்னால் உட்கார்ந்தது. கம்பெனிக்காரர்கள் கடைசியில் அவற்றை ஒரு டிராக்டரில் ஏற்றி அனுப்பினார்கள், கூடவே கொஞ்சம் சிமெண்டும் கம்பியும். எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது கிணற்றடியைச் சிலர் சொன்னார்கள். தசரதன் திருமலையின் வாசலுக்கு எதிரே இருந்த புறம்போக்கைக் காட்டினான்.

"இல்லன்னு சொன்னவன் தெனம் பாக்கட்டும்."

தசரதன் திருமலையின் மனைவி அம்சவல்லிக்கு அண்ணன். கிடங்கு ஒன்றில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் முனிக்குப் பூசாரி.

சிலைக்குக் கண் திறக்கும்போது எதிரே மனிதர் யாரும் நிற்கக் கூடாது. முதல் பார்வை உக்கிரமானது. சாமி முகத்துக்கு நேரே கண்ணாடி பிடிப்பார்கள். சாமி முதலில் தன்னையே பார்க்கும், பிறகு பசுவை, அதற்குப் பிறகுதான் ஊரை. அன்று விடியற்காலையில் கண் திறப்பு என்று திருமலைக்கு யாரும் சொல்லவில்லை. அவன் எழுந்து, வாயில் பிரஷ்ஷோடு, நுரை வழியக் கதவைத் திறந்தான். அப்போது கண்ணாடி இறங்கியிருந்தது. கண்ணாடி பிடித்திருந்தவன் தசரதன். கை வலித்தது என்று பிறகு சொன்னான்.

கூட்டத்தில் பக்கத்து வீட்டு மாரி இருந்தாள். கம்பெனி கேன்டீனில் வேலை பார்ப்பவள், ஊரில் எதையும் முதலில் சொல்லிவிடுபவள்.

"போச்சு," என்றாள். "புடிச்சிக்கிச்சு."

திருமலை முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. கம்பெனியில் அவனுக்குக் கிடைத்திருந்த வேலை காண்டிராக்ட் முடிந்து போயிருந்தது. ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். வேன் முதலாளி நம்பிராஜன் போன் செய்வார்.

"எங்க வந்துகினு கீற?"

வீட்டில் உட்கார்ந்துகொண்டே, "இருங்காட்டுக்கோட்ட தாண்டிட்டேண்ணே" என்பது எல்லா ஓட்டுநர்களும் சொல்வதுதான். ஒருநாள் அதைச் சொல்ல வாய் திறந்தவன் எதிரே பார்த்துவிட்டான். வாய் அப்படியே நின்றது. அடுத்த முறை போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். சுவருக்குப் பின்னால், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் அவனுக்குச் சொல்ல வரவில்லை.

"வூட்லதாண்ணே கீறேன்."

"அத இன்னா பெருமையா சொல்ற," என்று நம்பிராஜன் கத்தினார்.

திருமலை அண்ணன் சொன்னால் சொன்ன நேரம்தான் என்று வேனில் வரும் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பாராட்டு அவனுக்குக் கசந்தது. அவன் உத்தமன் இல்லை. ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

குடிப்பதற்குச் சுங்குவார்சத்திரம் வரை போய்ப் பார்த்தான். தம்ளரைத் தூக்கும்போது பிடரி குறுகுறுத்தது. ஒரகடம் சிக்னலில் காலி வண்டியோடு நிற்கும்போது பின் சீட்டில் யாரோ இருப்பதுபோல் கண்ணாடியைப் பார்ப்பான். யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் எதுவும் மாறவில்லை. ஒருமுறை அம்சவல்லியை அடிக்கக் கை ஓங்கி, வாசலைப் பார்த்து, கையை இறக்கினான். அவள் சிரித்தாள்.

"இன்னா நிறுத்திட்ட? எங்கண்ணன் வச்ச சாமி கையப் புடிச்சிக்கிச்சா?"

அடித்திருந்தால் அவள் மறந்திருப்பாள். அந்தச் சிரிப்பை அவன் மறக்கவில்லை.

அவன் கும்பிட்டதில்லை. மற்ற ஓட்டுநர்கள் முனிக்குக் கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வண்டி எடுப்பார்கள். அவன் நேராக ஏறிச் சாவியைத் திருப்புவான். ஆனால் பேசினான். காலையில் பல் விளக்கிக்கொண்டே, "இன்னா பாத்துகினே கீற? வேற வூடு இல்ல உனக்கு?" என்பான். மழை கொட்டும்போது, "நனையி. எனக்கு இன்னா," என்பான். ஊரில் வேறு எவரோடும் அவன் அவ்வளவு பேசியதில்லை.

மற்றவர்களுக்கு அது எளிதாக இருந்தது. வந்தார்கள், சுருட்டைக் கொளுத்தி வைத்தார்கள், கோழி அறுத்தார்கள், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். இறகு மட்டும் திருமலையின் வாசலுக்குப் பறந்து வந்தது. ஒருநாள் அவன் வாசலை மறித்து பைக்கை நிறுத்திவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தவனின் சாவியைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தான். அதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது.

அந்தப் பஞ்சாயத்துக்குப் பிறகு சுவர் கட்டினான். ஹாலோபிளாக் சுவர், ஆள் உயரத்துக்கு மேல். பூச்சு காயும் முன்பே ஊர் கூடிவிட்டது. சாமி பார்வையை மறிக்கக் கூடாது. மறித்தால் ஊருக்கு ஆகாது. தசரதன் கடப்பாரை எடுத்துவந்து முனியின் கண் உயரத்துக்குச் சுவரில் ஒரு துளை போட்டான். ஒரு சாண் அகலம். சுவர் இருக்கலாம், துளையும் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

அதுதான் திருமலை செய்த பெரிய தவறு. சுவர் இல்லாதபோது முனி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையை, வேனை, கொடியில் காயும் துணியை, வாசல் கூட்டும் அம்சவல்லியை. இப்போது ஒரு சாண் துளை. அதன் வழியே வரும் பார்வை வாசலைத் தாண்டி, அவன் உட்கார்ந்து சாப்பிடும் கட்டில்மீது மட்டும் விழுந்தது. கட்டிலை நகர்த்தினான். நகர்த்திய இடத்தில் உட்கார்ந்துகொண்டு பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சில நாளில் திரும்பவும் அங்கேயே இழுத்துப் போட்டான்.

இந்த ஆடித் திருவிழாவில் கிடா உதறவில்லை.

மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினால் கிடா உடம்பை உதற வேண்டும். உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். உதறாத கிடாவை வெட்டக் கூடாது. காலையிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கிடா நின்றது. இடையில் மாலையிலிருந்து ஒரு சாமந்தியைக் கடித்துத் தின்றது.

"ஊத்துய்யா இன்னும்."

"எத்தினி கொடம் ஊத்துறது? குளிக்க வந்தா மாதிரி நிக்குது."

"சோப்பு போட்டு வுடு."

பம்பைக்காரர் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது.

"ரெண்டாவது ஷிஃப்ட்டு பஸ்ஸு வந்துரும்பா."

"லீவு போடு."

"நீ போடு. எங்க லைன்ல லீவு கேட்டா ஆள மாத்திட்டுத்தான் மறுபேச்சு."

மாரி புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். "தண்ணிய இன்னா கொற சொல்றீங்க," என்றாள். "எதுக்க கீற சொவரப் பாருங்க. சாமி மூஞ்சியக் கையால பொத்தினா மாதிரி. கண்ணப் பொத்திட்டு ஆட்டக் குடுத்தா எப்பிடி வாங்கிக்கும்?"

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். கூடிப் பேசி, கிடங்குக்குப் போன் செய்து, அரை மணி நேரம் கழித்துத் தசரதன் பாதையைக் கடந்து வந்து துளையில் முகத்தை வைத்தான்.

உள்ளே கட்டிலில் திருமலை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். துளையில் தசரதனின் முகம் அடைத்துக்கொண்டதும் கட்டில்மேல் ஒரு கணம் அந்தப் பார்வை விழவில்லை. அவன் நிமிர்ந்தான்.

"மாப்ள."

"துன்னுகினு கீறேன்."

"துன்னு. துன்னுட்டு வா. ஊரே வெயில்ல நிக்குது."

"ஆடு உதறலன்னா ஆட்டப் போய்க் கேளு மச்சான். என்னை இன்னாத்துக்குக் கேக்குற?"

"ஒரே வார்த்த. அன்னிக்கி சாமி இருந்துச்சு, நான்தான் இல்லன்னுட்டேன்னு சொல்லு. எல்லாரும் கலந்து பேசித்தான் வந்துகீறேன். நீ சொல்லு, சாமியத் தார் ரோட்டுப் பக்கம் திருப்பி வச்சிடறோம். ஃபோர்க்லிஃப்ட்டே கொண்டாந்து நிறுத்திகீறேன், வேணும்னா எட்டிப் பாரு. அப்பறம் உன் சொவத்த நீ அடச்சிக்கோ."

அம்சவல்லி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "நெசமாவாண்ணா?"

"சாமி எதுர்ல நின்னுகினு பொய் சொல்வனா?"

அவள் வெளியே போய்ச் சுவரோரமாக எட்டிப் பார்த்தாள். பாதை முனையில் மஞ்சள் ஃபோர்க்லிஃப்ட் நின்றிருந்தது. அதற்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். அவள் திரும்பிவந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"கேட்டுக்கினியா? ஒரு வார்த்ததான கேக்குறாங்க. வாசல்ல குந்தி ஒரு நாளு தல வாரிக்கினு இருந்திருப்பனா, இத்தினி வருஷத்துல? இந்தக் கண்ணு போனா போதும் எனக்கு. உங்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. கேக்கவும் பிடிக்கல. இது ஒண்ணு செய்."

திருமலை கை கழுவினான். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். மேல் பொத்தான்வரை போட்டான். அம்சவல்லிக்கு அது போதுமாக இருந்தது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவன் வந்ததும் கூட்டம் வழி விட்டது. முனிக்கு முன்னால் போய் நின்றான். இத்தனை ஆண்டுகளில் அவ்வளவு கிட்டே அவன் வந்ததில்லை. கண்ணில் பூசிய வெள்ளை இன்னும் காயவில்லை. அதில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டிய சொல் அவனிடம் இருந்தது. துளைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்த சொல்தான். இருந்துச்சு. அவ்வளவே. வாயைத் திறந்தான்.

"அங்க இல்ல மாப்ள," என்றான் தசரதன். "சாமிக்குத் தெரியாததா? இப்பிடித் திரும்பு. ஊரப் பாத்து சொல்லு."

சொல்லிவிட்டு இளித்தான். கூடச் சிலரும் சிரித்தார்கள். தசரதன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினான். முனிக்கு முதுகு காட்டி நின்றான் திருமலை.

"சத்தமா சொல்லணும்," என்றாள் மாரி. "வேன்ல ஆரன் அடிக்கிறியே, அந்த மாதிரி. பின்னாடி நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

நாலைந்து போன்கள் மேலே எழுந்தன. ஒருவன், "அண்ணே, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க," என்றான். திருமலை முகங்களைப் பார்த்தான். கும்பிட வந்தவர்களில் ஒருவர்கூட முனியைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அவர்களுக்கு வேண்டியது கிடைக்கப்போகிற சந்தோஷம் எல்லா முகத்திலும் ஒன்றுபோல் இருந்தது. சாமி அங்கே இருப்பது அவன் பிடரிக்கு மட்டும்தான் தெரிந்தது.

"மூணு கல்லுதான் இருந்துச்சு," என்றான். "அன்னிக்கி சொன்னதேதான் இன்னிக்கும். வேற ஒண்ணும் இல்ல."

நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி போகும் சத்தம் கேட்டது. அப்போது கிடா தலையில் தொடங்கி வால்வரை உடம்பை உதறியது. மஞ்சள் தண்ணீர் தசரதனின் வேட்டியெல்லாம் தெறித்தது.

"கோவம்," என்றது ஒரு குரல். "சாமிக்குக் கோவம் வந்துடிச்சு."

"கோவம்னா எதுக்கு உதறுது? ஒத்துக்கினா மாதிரில்ல கீது."

"நீ வாய மூடு."

"உதறுச்சா இல்லியா, அத சொல்லுங்க. பஸ்ஸு வந்துடிச்சு அங்க."

பம்பைக்காரர் யாரையும் கேட்காமல் அடிக்கத் தொடங்கிவிட்டார். தசரதன் வேட்டியைப் பார்த்தான், திருமலையைப் பார்த்தான். கிடா உதறினால் வெட்ட வேண்டும். எதற்காக உதறியது என்று யாரும் விதி வைத்திருக்கவில்லை. அவன் அரிவாளை எடுத்தான்.

வெட்டி முடிந்ததும் ஃபோர்க்லிஃப்டோடு வந்திருந்த ஆள் கேட்டான், "சாமியத் தூக்கிடலாமாண்ணே?"

"நீ கெளம்பு."

வண்டி பின்பக்கமாகவே கீங்கீங்கென்று ஒலி எழுப்பிக்கொண்டு, மாலையோடு பாதையில் இறங்கிப் போயிற்று.

பிற்பகலில் வீட்டுக்கு வீடு கறிப் பங்கு போனது. திருமலை வீட்டுப் பங்கை யாரோ கூப்பிடாமல் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். காக்கை இறங்குவதற்கு முன் அம்சவல்லி எடுத்துவந்து பாத்திரத்தில் கொட்டினாள். அவனோடு பேசக் கூடாது என்று இருந்தாள். மசாலா அரைக்கும்வரைதான் முடிந்தது.

"சட்டையெல்லாம் போட்டுகினு போனியே."

அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். துளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லத்தான போன?"

"ஆமா."

"அப்பறம் இன்னா? எங்கண்ணன் இளிச்சான்னா? இளிச்சிட்டுப் போறான். மாரி பேசுனான்னா? அவ பொறந்ததுலேருந்து பேசுறா. போன்ல எடுத்தாங்கன்னா? நாளைக்கி வேற எவனையாவது எடுப்பானுங்க. சொல்லியிருந்தா இந்நேரம் திரும்பியிருக்கும். லாரியப் பாத்துகினு, பஸ்ஸப் பாத்துகினு, அது பாட்டுக்கு அது இருந்திருக்கும். நாம பாட்டுக்கு நாம."

"நமக்கு?"

"இன்னா நமக்கு?"

"ரோட்டுப் பக்கம் திருப்பிட்டா, நமக்கு எது தெரியும்?"

அவள் யோசித்தாள். "முதுகு தெரியும். தெரிஞ்சா இன்னா? சிமெண்ட்டு."

"அத நீ பாத்துகினு இருப்ப. என்னால ஆவாது."

அம்சவல்லி அம்மியிலிருந்து கையை எடுக்காமல் அவனைப் பார்த்தாள். பிறகு கதவு வழியே, சுவரைத் தாண்டி, அங்கே உட்கார்ந்திருப்பவர் பக்கம் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த வெறுப்பு இருவருக்கும் சமமாக இருந்தது.

"நல்லா வந்து சேந்தீங்க ரெண்டு பேரும்," என்றாள்.